கண்டுபிடிப்பைப் போடுங்கள், வழியைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாறை ஓவியங்களின் மேல் பெயர் கிறுக்கிவிட்டுப் போகிறவர்களைத் திட்டி உங்களுக்குக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். இதுவும் அந்த விஷயம்தான். ஆனால் திட்டில் ஒரு பங்கு பத்திரிகைகளுக்கும் சேர வேண்டும் என்று நினைப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், வெட்டிப் போட்டாலும் பரவாயில்லை.

வருஷத்தில் பல தடவை ஒரே மாதிரி ஒரு செய்தி வருகிறது, உங்கள் பத்திரிகையில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். 'பழமையான பாறை ஓவியம் கண்டுபிடிப்பு' என்று தலைப்பு. மாவட்டம், தாலுகா, ஊர், ஊருக்கு மேற்கே எத்தனை கிலோமீட்டர், எந்தக் கோயிலுக்குப் பின்னால் ஏற வேண்டும், ஏறினால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் இருக்கும். கூடவே ஒரு படம். கண்டுபிடித்தவர் ஓவியத்தின் மேலேயே விரலை வைத்துக் காட்டியபடி நிற்பார். வயதும் கட்டாயம் இருக்கும், ஐயாயிரம் பத்தாயிரம் என்று; அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பது மட்டும் இருக்காது. அதோடு சரி, அந்த இடத்தைப் பற்றி அப்புறம் ஒரு வரி வராது. வந்தால், சில வருஷம் கழித்து 'சிதைக்கப்படும் பாறை ஓவியங்கள், ஆர்வலர்கள் வேதனை' என்று வரும். இரண்டு செய்திக்கும் நடுவில் அந்தப் பாறைக்கு என்ன நடந்தது? முதல் செய்தியைப் படித்தவர்கள் போனார்கள், போனவர்கள் ரீல்ஸ் போட்டார்கள், 'லொக்கேஷன் அனுப்புங்க ப்ரோ' என்று கேட்டவர்களுக்கெல்லாம் கூகுள் மேப்பில் புள்ளி வைத்துக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் அந்தப் பாறையைக் காப்பாற்றியது அது இருக்கும் இடம் வெளியே தெரியாததுதான். வேறு காவல் எதுவும் அதற்கு இருந்ததில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் இப்படி ஒரு பாறைக்கு நண்பர்களோடு போயிருந்தேன், ஊர் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் புரிந்திருக்கும். மழை படாமல் மேலே பாறை நீட்டிக்கொண்டிருக்கும் ஒதுக்குப்புறம். செங்காவியில் ஒரு விலங்கு, உள்ளங்கை அளவுகூட இல்லை, கொம்பு பின்பக்கம் வளைந்திருக்கிறது, வயிற்றுக்கோடு தேய்ந்து பாறை நிறத்தோடு கலந்துவிட்டது. அதன் முதுகின் மேலேயே ஒரு பெயரின் முதல் எழுத்து. ஆணியோ சாவியோ வைத்து அழுத்திக் கீறியிருக்கிறார்கள், பாறையின் கறுத்த மேல்தோல் பெயர்ந்து உள்ளே இருக்கும் வெளிர்நிறம் தெரிகிறது. பக்கத்தில் நீல எனாமல் பெயிண்டில் இதயம், அம்பு, தேதி. ஒன்றரை அடி தள்ளி யாரோ சமைத்த கரி. இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் போனோம். எதிர்பார்க்காதது வழிகாட்ட வந்த ஊர்க்காரர் செய்தது. நல்ல மனிதர், வெயிலில் எங்களைக் கூட்டிக்கொண்டு ஏறியவர், காசு வாங்க மறுத்தவர். 'இருங்க சார், சரியாத் தெரியல' என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஓவியத்தின் மேல் விசிறி அடித்தார். காவி நிறம் உடனே எழுந்து நின்றது, அழகாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று என் நண்பர் கையைப் பிடித்தபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. 'டிவிக்காரங்க வந்தப்பவும் இப்படித்தான சார் எடுத்தாங்க' என்றார்.

அந்தத் தண்ணீர் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பை மேலே இழுத்துக்கொண்டு வரும். திரும்பத் திரும்ப அடித்தால் ஓவியத்தின் மேல் வெள்ளைப் படலம் கட்டும், அல்லது அந்த உப்பு பூத்து மேல்தோலையே செதிலாக உதிர்க்கும். சாக்பீஸால் கோட்டின் மேல் கோடு போட்டு 'தெளிவாக்கி' படம் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், படித்தவர்கள்தான். இந்தக் கூத்து எதுவுமே தேவையில்லை. மங்கிய காவியைப் போட்டோவிலேயே நிறம் பிரித்து எடுத்துக்காட்ட டி-ஸ்ட்ரெட்ச் என்று ஒரு மென்பொருள் 2005-லிருந்தே இருக்கிறது, உலகம் முழுக்க பாறை ஓவிய ஆய்வாளர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சாதாரண கேமரா படம் ஒன்று போதும், பாறையைத் தொடவே வேண்டாம்.

நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்கள் என்று பார்த்தால் நம் ஊர்க்காரர் ஒன்றும் தனி ஆள் இல்லை. நார்வேயில் ட்ரோ என்ற தீவில் பனிச்சறுக்கு ஓடும் மனிதனைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள், சுமார் 5,000 ஆண்டு பழையது, 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கின் சின்னத்துக்கே அதிலிருந்துதான் யோசனை எடுத்தார்கள். 2016-ல் இரண்டு சிறுவர்கள், உருவம் சரியாகத் தெரியவில்லையே என்று அந்தக் கோடுகளின் மேலேயே கூர்மையான பொருளால் கீறி ஆழப்படுத்திவிட்டார்கள். பிரான்ஸ் கதை இன்னும் மோசம். 1992-ல் சாரணர் இயக்கத்துப் பிள்ளைகள் மேரியேர் குகையில் கிறுக்கல்களைச் சுத்தம் செய்யப் போய், கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததில் கிறுக்கலோடு சேர்த்து வரலாற்றுக்கு முந்தைய காட்டெருமை ஓவியங்களின் ஒரு பகுதியையும் தேய்த்து எடுத்துவிட்டார்கள். அதற்கு அந்த வருஷம் தொல்லியலுக்கான இக்நோபல் கேலிப் பரிசும் கிடைத்தது. இங்கேயும் 'தூய்மைப் பணி' என்று பேனர் பிடித்துக்கொண்டு சனி ஞாயிறுகளில் கிளம்பும் குழுக்கள் இருப்பதால் சொல்கிறேன்: தின்னர் ஊற்றித் துடைத்தால் எனாமல் மட்டும் வந்துவிடாது, கரைந்த பெயிண்ட் பாறையின் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், அடியில் இருக்கும் காவியும் துணியோடு வரும். குப்பை பொறுக்குங்கள், அதற்குக் கும்பிடு. பாறையில் கை வைக்காதீர்கள்.

கீறுவதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நஷ்டம் இருக்கிறது. செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு, அதில் கரிமம் கிடையாது, அதனால் கரிமக் காலக்கணிப்பு செய்ய வழியில்லை. பிறகு எப்படி வயது சொல்கிறார்கள்? இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், ஓவியத்தின் மேல் படிந்த மெல்லிய சுண்ணப் படலத்தில் இருக்கும் யுரேனியத்தை அளந்துதான் குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024-ல் சொன்னார்கள். நம் ஊர்ப் பாறை வேறு, படியும் படலமும் வேறு, இருந்தாலும் இந்த மாதிரி ஓவியத்துக்குத் துப்பு பெரும்பாலும் மேல்படலத்தில்தான் இருக்கிறது. கார் சாவி முதலில் சுரண்டுவதும் அதைத்தான். நாளைக்கு ஒரு ஆய்வாளர் புதுக் கருவியோடு வந்து நின்றால் அளப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது, அப்புறம் நாமும் 'பத்தாயிரம் ஆண்டு இருக்கலாம்' என்று குத்துமதிப்பாக எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இந்தப் பேச்சை எடுத்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும், 'அந்தக் காலத்து ஆளும் கிறுக்கித்தானே வைத்தான், நம் பையன் எழுதியதும் ஆயிரம் வருஷம் கழித்து வரலாறு ஆகிவிடாதா?' என்று. கேள்வியில் ஞாயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. இலங்கை சிகிரியாவில் கண்ணாடிச் சுவர் என்று ஒன்று உண்டு, அதில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கீறிவைத்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, இன்றைக்கு அவை சிங்கள மொழி வரலாற்றுக்கே பெரிய ஆதாரம். ஆனால் அவர்கள் ஓவியத்தை விட்டுவிட்டு அந்தச் சுவரில் எழுதினார்கள். 1967-ல் அதே சிகிரியாவில் ஓவியங்களின் மேலேயே பச்சைப் பெயிண்டை வீசியவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எழுதிக்கொள் தம்பி, அடுத்தவன் எழுதியதன் மேல் எழுதாதே, அவ்வளவுதான் விஷயம்.

சிகிரியா பற்றி இன்னொன்று. 2015-ல் அந்தக் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறியதற்காக ஓர் இளம்பெண்ணுக்கு 2 ஆண்டு சிறை விதித்தார்கள், பெரிய சர்ச்சையாகி, கடைசியில் ஜனாதிபதி மன்னிப்பில்தான் வெளியே வந்தார். கடுமையான தண்டனை வேண்டும் என்று கேட்கிறவர்கள் அந்த வழக்கை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம். தண்டனை நம்மிடமும் இருக்கிறது. மத்திய தொல்லியல் சட்டம் 1958-ல் வந்தது, 2010 திருத்தத்துக்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டுக்குத் தனியாக 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சிக்கல் 'பாதுகாக்கப்பட்ட' என்பதில் இருக்கிறது. அறிவிக்கை வந்தால்தான் அந்தச் சட்டம் பாயும். நம் பாறைகளில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை, வருவாய்த்துறைப் பதிவேட்டில் அவை வெறும் கல்லாங்குத்து புறம்போக்கு, அதாவது பயிர் விளையாத அரசுப் பாறை நிலம். மலைமேல் இருந்தால் வனத்துறையின் காடு, அங்கே அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், ஆனால் வனக்காவலரின் வேலை மரமும் மிருகமும்தான். ஓவியம் யாருடைய வேலை? யாருடையதும் இல்லை.

கல்லாங்குத்து என்றதும் கல்குவாரி ஞாபகம் வரும், வரத்தான் வேண்டும். இங்கே என் வாதத்துக்கே எதிராக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்தியே போடாமல் ரகசியமாக வைத்தால் பாறை தப்பிக்கும் என்று இல்லை. யாருக்கும் தெரியாத பாறை ஒரு நாள் ஜல்லியாகி லாரியில் ஏறிப் போய்விடும், கேட்க நாதி இருக்காது. பெயர் கிறுக்கிய பாறையாவது மிச்சம் இருக்கிறது. தெரிந்தும் உடைத்த கதையும் உண்டு, ஆஸ்திரேலியாவில் ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனிதர்கள் தங்கிய தடயம் இருந்த குகைகளை 2020 மே மாதம் ஒரு சுரங்க நிறுவனம் வெடி வைத்துத் தகர்த்தது, சட்டப்படி அனுமதி வாங்கித்தான். எனவே செய்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாவட்டத்தைப் போடுங்கள், தாலுகாவைக்கூடப் போடுங்கள், புல எண்ணைக் கலெக்டருக்கும் தொல்லியல் துறைக்கும் கண்டுபிடித்தவர் எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டு அதையும் போடுங்கள், குவாரிக்காரருக்கு அது உறைக்கும். கோயிலுக்குப் பின்னால் எந்தப் பக்கம் ஏறுவது என்பது மட்டும் வாசகருக்கு வேண்டாம்.

இது நடக்கிற காரியமா என்றால், நடந்திருக்கிறது. பிரான்சில் லாஸ்கோ குகையை 1940-ல் கண்டார்கள், 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், தினமும் ஆயிரம் பேருக்கு மேல் வந்து விட்ட மூச்சுக்காற்றிலேயே சுவரில் பாசி பிடித்து 1963-ல் இழுத்து மூடினார்கள். அதே நாட்டில் 1994 டிசம்பரில் ஷோவே குகையைக் கண்டவர்கள் மூன்று பேர். உள்ளே தரையில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதன் மேல் மட்டும் நடந்தார்கள். வாசலுக்குக் காவல் போட்ட பிறகுதான் அடுத்த மாதம் உலகத்துக்கு அறிவித்தார்கள். பொதுமக்கள் பார்க்க 2015-ல் மாதிரிக் குகை ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். ஓவியம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நாம் அவ்வளவு செலவு செய்ய வேண்டாம், வரிசையை மட்டும் காப்பியடித்தால் போதும்: காவல் முதலில், அறிவிப்பு அப்புறம்.

காவல் என்றால் முள்வேலியும் துருப்பிடித்த போர்டும் இல்லை. நீலகிரியில் கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் கரிக்கையூரில் இருளர் மக்கள் வாழும் பகுதியில்தான் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று இருக்கிறது. அங்கேயும் மலையேற வந்தவர்கள் கிறுக்கியதைப் பற்றிச் செய்திகள் வந்தன. அந்த மாதிரி இடங்களில் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து, அடையாள அட்டை கொடுத்து, 'உன்னைக் கேட்காமல் யாரும் ஏறக் கூடாது' என்று அதிகாரமும் கொடுத்தால் போதுமே. வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர்களைப் பழங்குடி இளைஞர்களிலிருந்து எடுப்பது புதிதா என்ன? தண்ணீர் அடித்துக் காட்டிய அந்த மனிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அடிக்கக் கூடாது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்ல ஆள் வந்திருந்தால், அவரைவிட நல்ல காவலர் அந்த வட்டாரத்தில் கிடைத்திருக்க மாட்டார்.

சாமி விஷயமும் ஒன்று இருக்கிறது, இதை எழுதினால் சிலர் கோபப்படுவார்கள், பரவாயில்லை. சென்னையில் சுவரை அசிங்கம் பண்ணாமல் தடுக்க எல்லா மதத்துச் சாமி படமும் போட்ட டைல்ஸ் பதிக்கிறோம், அது வேலையும் செய்கிறது. கிராமத்தில் பாறை ஒதுக்கில் ஒரு சாமி இருந்தால் அதே பயத்தில் யாரும் கிறுக்க மாட்டார்கள், குடிக்க மாட்டார்கள், உண்மைதான், பல ஓவியங்கள் அப்படித்தான் பிழைத்திருக்கின்றன. ஆனால் கும்பாபிஷேகம் என்று வசூல் ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. பாறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பட்டை போட்டு, சூலம் வரைந்து, எண்ணெய் விளக்குப் புகையில் கூரை கறுத்து, கடைசியில் ஓவியம் எங்கே என்று பூசாரிக்கே தெரியாமல் போகிறது. சாமியை நகர்த்தச் சொல்லவில்லை. வெள்ளையடிக்கும் முன் எந்தப் பக்கம் ஓவியம் இருக்கிறது என்று ஊர்க்கூட்டத்தில் காட்டிக் கொடுக்க ஒரு ஆள் போனால் கேட்கிற ஜனங்கள்தான் அவர்கள்.

நான் பல்லாவரத்துக்காரன். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் குனிந்து பொறுக்கியது எங்கள் பேட்டையில்தான், அவர் சேகரித்தவை இன்றைக்கும் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்குக் கற்காலத்தின் மேல் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது, பூண்டிப் பக்கம் கற்கால மனிதர்கள் இருந்த குடியம் குகைக்குச் சனிக்கிழமையானால் பைக்கில் கிளம்புகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், ஆசையாகத்தான் போகிறார்கள். அதே பிள்ளைகள் மாமல்லபுரத்தில் பாறை முழுக்கப் பெயர் கீறியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஓவியத்தின் மேல் விரல் வைத்த படத்தை வாங்காதீர்கள், வந்தால் திருப்பி அனுப்புங்கள், இரண்டு தடவை திருப்பினால் மூன்றாவது தடவை தள்ளி நின்று எடுப்பார்கள். தண்ணீர் அடித்த படமும் அப்படித்தான், பாறை நனைந்திருப்பது படத்திலேயே தெரியும். வயதைப் போடும்போது யார், எதை வைத்துச் சொன்னார் என்று ஒரு வரி சேருங்கள். ஏறும் வழியை நிருபர் எழுதியிருந்தாலும் துணை ஆசிரியர் எடுத்துவிடட்டும். ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் போய்ப் பாருங்கள்.

இந்தக் கடைசி வேலையை இப்போதே தொடங்கலாம். உங்கள் பத்திரிகையில் கடந்த சில ஆண்டுகளில் வந்த பாறை ஓவியக் கண்டுபிடிப்புச் செய்திகளை வெட்டி ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறேன். மாவட்ட நிருபர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, இன்றைய நிலையில் ஒரு படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுங்கள், ஊர் பெயர் வேண்டாம். ஃபைலை நேரிலேயே கொண்டுவந்து தருகிறேன், பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் வர வேண்டியதுதானே, எந்தக் கிழமை வசதி என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
பல்லாவரம், சென்னை